இஸட்டிலிருந்து

காலையில் முதல் ஆளாக உள்ளே போய் முதல் ஆளாக வெளியே வந்துவிட்ட ஜுலைகாவுக்கு இனிமேல் அந்த நடைக்கூடத்தில் ஒரு வேலையும் இல்லை. விடுதிக்குப் போய்ப் படுக்கலாம், பையைத் தூக்கிக்கொண்டு அதிராம்பட்டினத்துக்கு பஸ் ஏறலாம், எத்தனை மணிக்கு வர்றே என்று உம்மாகூடப் போனில் கேட்டுவிட்டாள். ஆனாலும் மதியச் சாப்பாடு முடிந்த கையோடு அவள் மறுபடியும் பெத்தாலஜி துறைக்கே வந்து, வாய்மொழித் தேர்வான வைவா நடக்கும் அறைக்கு எதிரில் கிடந்த மரபெஞ்சில் அபிராமிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். உட்கார்ந்ததும் முதுகு தானாகச் சுவரில் சாய்ந்தது. இந்த பெஞ்சைப் பற்றி அவளுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. எந்தப் பலகை ஆடும், மூன்று மணிக்கு மேல் வெயில் எந்த ஓரத்தில் வந்து விழும், மின்விசிறிக் காற்று எதுவரைக்கும் எட்டி எங்கே நின்றுபோகும், எல்லாம் தெரியும். இதே பெஞ்சிலும் இதைப் போன்ற வேறு துறை பெஞ்சுகளிலும் அவள் எத்தனையோ பகல்களை முழுதாகக் கழித்திருக்கிறாள், ஆனால் ஒரு தடவைகூடச் சாய்ந்து உட்கார்ந்ததில்லை என்பது இப்போதுதான் உறைத்தது. நுனியில் உட்கார்ந்து, மடியில் புத்தகத்தை விரித்து, விரித்த பக்கத்தைப் பார்க்காமல் கதவைப் பார்த்துக்கொண்டு, அப்படித்தான் எப்போதும். அபிராமி இப்போது அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறாள். அவள் தலையில் காலையில் வைத்த முல்லைச் சரம் வாடித் தொங்குகிறது.

வயிறு நிறைந்திருந்தது. அதுவும் புதுசு. வைவா நாள்களில் ஜுலைகா மெஸ்ஸுக்குப் போய்ச் சேரும்போது பாத்திரத்தின் அடியில் ஒட்டிய சோறும் ஆறிப்போன ரசமும்தான் இருக்கும், மெஸ் அக்கா கரண்டியால் சுரண்டுகிற சத்தமே பசியைக் கொன்றுவிடும். இன்றைக்குச் சோறு ஆவி பறந்தது. சாம்பாரில் காய் போடுவார்கள் என்பதே இன்றுதான் தெரிந்தது. முருங்கைக்காய், அதுவும் சதைப்பிடிப்பாக. ஒரு துண்டை உறிஞ்சிவிட்டு அவள் சுற்றிலும் பார்த்தபோது, பன்னிரண்டரைக்கு மெஸ்ஸுக்கு வருகிறவர்கள் எல்லாருமே இதை வருஷக்கணக்காக உறிஞ்சிக்கொண்டிருக்கிறார்கள், அவர்களுக்கு இது ஒரு செய்தியே இல்லை என்று தோன்றிச் சிரிப்பு வந்தது. எல்லாம் ஒரு எழுத்தால். வாப்பா அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று குமாஸ்தா ஜே போடவா இஸட் போடவா என்று கேட்டிருக்கிறார், வாப்பா ஐஸ் பாக்டரியிலிருந்து அரைநாள் சொல்லிவிட்டு வந்த அவசரத்தில், எது நல்லாருக்கோ போடுங்க என்றிருக்கிறார், குமாஸ்தாவுக்கு இஸட் நன்றாயிருந்திருக்கிறது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அது ஒன்றும் செய்யவில்லை, அங்கே உயரப்படி நிற்கவைத்தார்கள், அவள் நடுவில் நின்றாள். மருத்துவக் கல்லூரிக்கு வந்தபிறகுதான் அந்த எழுத்து அவளைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் எல்லாவற்றுக்கும் கடைசியில் நிறுத்தியது. இங்கே எல்லாம் ஆங்கில அகர வரிசைதான். ஏ-வில் தொடங்கி இஸட்டில் முடியும். வகுப்பில் இஸட் அவள் ஒருத்திதான்.

விடுதி அறைகூட அப்படித்தான் கொடுத்தார்கள். ஏ, பி, சி எல்லாம் தரைத்தளம், அவளும் யோகலட்சுமியும் மூன்றாவது மாடியில் கோடி அறை, ஜெனரேட்டர் சத்தம் ஜன்னல் வழியாக நேராக உள்ளே வரும், காலையில் தண்ணீர் ஏறாது, எல்லாரும் குளித்துமுடித்த பிறகுதான் மேலே குழாய் இருமும். குளிக்காமல் வகுப்புக்கு ஓடினால் கடைசி வரிசைதான் காலியாக இருக்கும், அங்கே மைக் சத்தம் எட்டாது, பேராசிரியர் வாயசைப்பதைப் பார்த்துப் பக்கத்து ஆள் எழுதுவதை எழுத வேண்டும். முதல் வருஷம் டிஸெக்ஷன் ஹாலில் மேஜைக்கு இத்தனை பேர் என்று பிரித்துக்கொண்டே வந்து மிச்சத்தை எல்லாம் கடைசி மேஜையில் கொட்டினார்கள். கையலம்பும் தொட்டிக்குப் பக்கத்து மேஜை. ஃபார்மலின் நெடியில் கண்ணில் நீர் வழிய, முன்னால் நிற்பவர்களின் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் கிடைத்த இடைவெளியில் அவள் மனித உடம்பைப் பார்த்தாள். ஒரு நரம்பின் தொடக்கத்தைப் பார்ப்பாள், முடிவை யாராவது மறைத்துவிடுவார்கள். இதையெல்லாம் அப்போது அவள் குறையாக நினைக்கவே இல்லை, அதுதான் இப்போது யோசித்தால் வேடிக்கையாக இருக்கிறது. கல்லூரி என்றால் இப்படித்தான் இருக்கும்போலிருக்கிறது, மற்றவர்களுக்கும் இப்படித்தான் இருக்கும், அவர்கள் சமாளிக்கிறார்கள், தனக்குத்தான் மூளை போதவில்லை, பிளஸ் டூவில் வாங்கிய மார்க் எல்லாம் ஏதோ குருட்டு அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டாள்.

அபிராமி புத்தகத்தைப் பட்டென்று மூடினாள். மறுபடி திறந்தாள். அவள் முதல் எழுத்துக்காரி, ஒவ்வொரு தேர்விலும் ஒன்பது மணிக்குத் தலைகுளித்த ஈரத்தோடு உள்ளே போய், பத்து மணிக்குள் முடித்து, பதினொரு மணி பஸ்ஸில் நாமக்கல் பக்கம் கிளம்பிவிடுகிறவள். காத்திருந்து பழக்கமே இல்லை. இன்றைக்குக் காலையிலிருந்து அவள் செய்த தப்புகளை ஜுலைகா கவனித்துக்கொண்டுதான் இருந்தாள். வெளியே வருகிற ஒவ்வொருத்தரையும் ஓடிப்போய்ப் பிடித்து என்ன கேட்டாங்க என்று கேட்டாள். கேட்கவே கூடாது. ஒருத்தர் சொல்லும் ஒரு கேள்வி நமக்குத் தெரிந்த ஒன்றை வெளியே தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும், வகுப்பு முழுவதும் முடிவதற்குள் தலைக்குள் நம் சரக்கு எதுவும் மிஞ்சாது, ஊராருடைய தப்புகள்தான் நிறைந்திருக்கும். போன வருஷம் அனாட்டமியில் ஜுலைகாவுக்கு நடந்தது அதுதான். பகல் முழுக்க பெஞ்சில் உட்கார்ந்து, உள்ளே போனபோது மாலை ஆகிவிட்டது, தேர்வாளர் மேஜைக்கடியில் செருப்பைக் கழற்றிப் போட்டிருந்தார், ஒரு கால் இன்னொரு காலைச் சொறிந்துகொண்டிருந்தது, காலையிலிருந்து அதே எலும்பை எல்லோரிடமும் நீட்டி நீட்டி அவருக்கே அது அலுத்துப்போயிருந்தது. அந்த எலும்பை அவளிடமும் நீட்டினார். அவளுக்கு அது தெரியும். தெரியும் என்பதும் தெரியும். ஆனால் வாயைத் திறந்தால் தனக்கு முன்னால் வந்த ஒருத்தன் சொன்ன தப்பான பெயர் வந்து முன்னால் நின்றது, அதைத் தள்ளினால் இன்னொருத்தியுடையது. அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், எந்த மீடியம் என்று கேட்டார். தமிழ் மீடியம் சார் என்றாள். அவர் "ம்" என்றார். சொல்லிவிட்டு ஏதோ எழுதினார்.

அந்த "ம்" ஒரு வருஷமாகக் கூடவே வருகிறது. திட்டியிருந்தால் அழுதுவிட்டுப் போயிருக்கலாம். வெறும் "ம்". சரிதான், அதனால்தான், என்பது போல. அனாட்டமியில் போய்விட்டது, துணைத் தேர்வு எழுதிப் பாஸ் பண்ணினாள், எல்லாரோடும் மறுபடி சேர்ந்துகொண்டாள், வாப்பா அடுத்த தடவை பாத்துக்கலாம்மா என்று சொல்லிவிட்டு எழுந்துபோய் மின்விசிறியைக் கூட்டிவைத்தார், ஏற்கனவே அது வேகமாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. உம்மா மூன்று நாள் அவளுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்தாள், அதுதான் இன்னும் கஷ்டமாயிருந்தது. துணைத் தேர்வில் எப்படிப் பாஸானாள் என்று அப்போது யோசிக்கவில்லை. பத்துப் பேர்தான் எழுதினார்கள், காலையிலேயே கூப்பிட்டுவிட்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம், அதே ஜுலைகா, அதே எலும்பு. ஆனால் அப்போது அதை இரண்டாம் தடவை படித்த பலன் என்று நினைத்துக்கொண்டாள்.

அறைக் கதவு திறந்தது. தினேஷ் வெளியே வந்து, யாரையும் பார்க்காமல், டையைத் தளர்த்திக்கொண்டே படியிறங்கிப் போனான். போகிற போக்கில் ஜுலைகாவை ஒரு பார்வை பார்த்தான். அந்தப் பார்வை காலையிலிருந்து நாலைந்து பேரிடமிருந்து வந்துவிட்டது. ஏ, பி, சி, டி ஆட்கள். எல்லாருக்கும் தெரியும், வரிசையைத் திருப்பச் சொன்னது அவள்தான் என்று. காலையில் அட்டெண்டர் சவரிமுத்து அண்ணன் வெளியே வந்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, முதல் பெயர் என்று அவள் பெயரை வாசித்தபோது அபிராமி ஏற்கனவே துப்பட்டாவைச் சரிசெய்து எழுந்துநின்றுவிட்டாள். நின்றவள் திரும்பி ஜுலைகாவைப் பார்த்தாள். "உன்னாலயாடி?" என்றாள். கோபமா விளையாட்டா என்று கண்டுபிடிக்க முடியாத குரல். பதில் சொல்ல நேரமில்லை, கதவு திறந்து காத்திருந்தது.

அவளால்தான். கல்லூரிக்குள்ளேயே நடத்துகிற முதல் இன்டர்னல் தேர்வில் தவறியவர்களை மங்கையர்க்கரசி மேடம் ஒவ்வொருத்தராகத் தன் அறைக்குக் கூப்பிட்டுப் பேசினார். துறைத் தலைவர், இரண்டாம் வருஷத்துக்கே பொறுப்பு அவர்தான், குட்டையான உருவம், அதிராத குரல், ஆனால் அந்தக் குரலுக்குப் பட்டமேற்படிப்பு டாக்டர்களே பயப்படுவார்கள். வெளியே காத்திருந்தபோது ஜுலைகா யார் யார் வந்திருக்கிறார்கள் என்று சும்மாதான் பார்த்தாள். சுந்தரேசன், தாமரைச்செல்வி, வைரமுத்துக்குமார், யோகலட்சுமி. எஸ், டி, வி, ஒய். வகுப்பின் வாலை வெட்டிக் கொண்டுவந்து பெஞ்சில் உட்காரவைத்தது போல இருந்தது. உள்ளே போனவர்கள் எல்லாரும், ஏன் மார்க் வரலை என்ற கேள்விக்கு, படிக்கல மேம், இனிமே படிக்கிறேன் மேம் என்று சொல்லிவிட்டு வந்தார்கள். அவளும் அதையேதான் சொல்ல நினைத்துப் போனாள். ஆனால் மேடம் கேட்டபோது அவள் வாயிலிருந்து வேறொன்று வந்தது. "ஒரே ஒரு தடவை கடைசியிலேர்ந்து கூப்பிட்டுப் பாருங்க மேம்." மேடம் முதலில் சிரித்துவிட்டார். பெயர் வரிசையிலா பாடம் இருக்கிறது, படித்திருந்தால் எந்த நேரத்தில் கேட்டாலும் சொல்லலாமே என்றார். ஜுலைகாவுக்குக் காது மடல் சுட்டது, ஆனாலும் வெளியே யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு தடவை பாருங்க மேம் என்றாள். மேடம் எழுந்து கதவுவரை வந்து எட்டிப் பார்த்தார். நீ போகலாம் என்றார். அதன்பிறகு வாரக்கணக்காக ஒன்றும் நடக்காததால், தான் அதிகப்பிரசங்கித்தனமாகப் பேசிவிட்டோம், இனி நம் பெயர் அவருக்கு மறக்காது, இன்டர்னலில் கைவைத்துவிடுவார் என்று அவள் பயந்துகொண்டே இருந்தாள். பாதி மார்க் இல்லாவிட்டால் பல்கலைக்கழகத் தேர்வுக்கே உட்காரவிட மாட்டார்கள். பயம் இன்று காலை எட்டேமுக்கால்வரை இருந்தது.

கதவுக்குள் போனபோது அறை எவ்வளவு குளிர்ச்சியாக இருந்தது. இரவு முழுக்கப் பூட்டிக்கிடந்த அறையின் குளிர்ச்சி. மேஜைவிரிப்பில் இன்னும் டீக்கறை படவில்லை. மேடமும் பக்கத்தில் இன்னொரு பேராசிரியரும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள், இருவருடைய முகத்திலும் பவுடர்கூடக் கலையவில்லை, உட்காரும்மா என்றார் அந்தப் பேராசிரியர். உட்காரும்மா. இத்தனை வைவாவில் யாரும் அவளை உட்காரச் சொன்னதாக ஞாபகம் இல்லை, சொல்லியிருப்பார்கள், காதில் விழுந்திருக்காது. கண்ணாடி ஜாடி ஒன்றை நகர்த்தினார் மேடம். உள்ளே ஒரு ஈரல் துண்டு, வெட்டிய பக்கம் வெளியே தெரிய. பார்த்த உடனே அது ஈரலாகத் தெரியவில்லை, உம்மா நெய்ச்சோற்று மசாலாவுக்குப் பாக்குவெட்டியால் இரண்டாக நறுக்குகிற ஜாதிக்காயாகத் தெரிந்தது, அதே கோடுகள், அதே கறுப்பும் வெளுப்பும் கலந்த புள்ளிகள், வாசனைகூட வந்தது. ஜாதிக்காய் மேம் என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் நட்மெக் லிவர் என்று ஆங்கிலம் வந்தது. அந்தப் பேராசிரியர் சிரித்தார், கேலிச் சிரிப்பில்லை, சரியான சாமானைக் கடையில் எடுத்துக் கொடுத்தவரைப் பார்த்துச் சிரிப்பது மாதிரி. ஏன் இப்படி ஆச்சு, சொல்லு என்றார். சொன்னாள். இதயம் தள்ள முடியாமல் போனால் ரத்தம் பின்னால் தேங்கும், தேங்கினது ஈரலில் ஏறும், ஒவ்வொரு சின்னக் கூறுக்கும் நடுவில் ரத்தம் கட்டிச் சிவக்கும், ஓரத்தில் கொழுப்பு சேர்ந்து மஞ்சளாகும். வார்த்தைகள் ஒன்றன்பின் ஒன்றாக, கூப்பிடாமலே வந்தன, பாதி தமிழ், பாதி ஆங்கிலம். எந்தப் பக்க இதயம் என்று மேடம் கேட்டார்.

இங்கேதான் முள்ளில் மாட்டின துணி மாதிரி காலையிலிருந்து மனசு இழுபட்டுக்கொண்டிருக்கிறது. வலது பக்கம். சரியான பதில் வலது பக்கம்தான், தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். ஆனால் அவள் அங்கே என்ன சொன்னாள். வலது என்று சொன்ன மாதிரிதான் இருக்கிறது. சொல்லும்போது கையைத் தூக்கின ஞாபகம் இருக்கிறது, தூக்கினது எந்தக் கை, இடது கையில் கைக்குட்டை இருந்தது, கைக்குட்டை கண்ணுக்கு முன்னால் ஆடின மாதிரி இருக்கிறது, அப்படியானால் தூக்கினது இடது கை, இடது கையைத் தூக்கிக்கொண்டு வலது என்று யாராவது சொல்வார்களா. சொல்லலாம். மேடம் தலையாட்டினார். ஆனால் மேடம் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார், தப்பாகச் சொன்னவனுக்கும் ஆட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போவார், அது அவர் பழக்கம். அடுத்த கேள்வி நுரையீரல். நுரையீரல் என்றால் இடது பக்க இதயம். வலது என்று சரியாகச் சொன்னதால் இடதுக்குப் போனாரா, இடது என்று தப்பாகச் சொன்னதால் அது எதில் வரும் என்று உணர்த்துவதற்காகப் போனாரா. மெஸ்ஸில் முருங்கைக்காயை உறிஞ்சும்போது வலது என்று முடிவுசெய்தாள். கைகழுவும்போது இடது என்று ஆகிவிட்டது. இப்போது பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணை மூடி, அந்த அறையை மறுபடி கட்டிப்பார்த்தாள், மேஜை, ஜாடி, மேடத்தின் வளையல், தன் குரல். குரல் வருகிறது, நன்றாகத் தெளிவாக வருகிறது, அந்த ஒரு சொல் மட்டும் வரவில்லை, யாரோ அந்த இடத்தைத் துடைத்துவிட்ட மாதிரி.

இப்படிச் சுற்றிச் சுற்றி வந்தபோதுதான் அவளுக்கு வேறொன்று தட்டுப்பட்டது. பயமாக இல்லை. இடது என்று சொல்லியிருந்தால் ஒரு மார்க்கோ இரண்டு மார்க்கோ போகும், போகட்டும், அது அவள் சொன்ன தப்பு. முழுக்க முழுக்க அவளுடையது. காலை ஒன்பது மணிக்கு, தூங்கி எழுந்து முகம் கழுவி, தலை தெளிவாக இருக்கும்போது, உட்காரும்மா என்று சொன்ன ஆளுக்கு எதிரில் உட்கார்ந்து, அவளே சொன்ன தப்பு. இதற்கு முன்னால் நடந்தவை எதுவும் அவளுடையவை என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. அந்த எலும்பில் தவறியது தானா, பெஞ்சா, பசியா, தேர்வாளரின் கால்சொறிதலா, மூன்றாவது மாடித் தண்ணீரா, தமிழ் மீடியமா என்று பிரித்தெடுக்கவே முடியாது, எல்லாம் சேர்ந்து ஒரு மூட்டையாக அவள் தலையில் ஏறியிருந்தது, அவள் அந்த மூட்டைக்குத் தன் பெயரை வைத்திருந்தாள். இன்றைக்கு மூட்டை இல்லை. தெரிந்தது இவ்வளவு, தெரியாதது இவ்வளவு. தப்பென்றால் ராத்திரி உட்கார்ந்து திருத்திக்கொள்ளலாம். ஒரு தப்பு தனக்கே சொந்தமாக இருப்பதில் இவ்வளவு நிம்மதி இருக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டாள். உடம்பு இன்னும் கொஞ்சம் சுவரில் சரிந்தது.

யோகலட்சுமி அவளுக்கு அடுத்ததாக உள்ளே போய்விட்டு வந்தபோது முகம் மலர்ந்திருந்தது. எந்த ஊர் என்று கேட்டார்களாம். பதில் சரியா தப்பா என்பதைவிட அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள், எந்த ஊர்னு கேட்டாங்கடி, நெடுவாசல்னு சொன்னேன், அங்க பலா நல்லாருக்குமேன்னாங்க. கடைசியில் இருந்தவர்களுக்கெல்லாம் ஒரு ஊர் இருக்கிறது என்பது இன்றுதான் தெரியவந்தது மாதிரி இருந்தது ஜுலைகாவுக்கு.

ஆனால் இந்தப் பக்கம் அபிராமி. அதுவும் இருந்தது. ஜுலைகாவின் நிம்மதியின் ஓரத்தை அது அரித்துக்கொண்டே இருந்தது, அதனால்தான் அவள் பஸ் ஏறவில்லை. முதல் வருஷம் பிஸியாலஜி லேபில் ஜோடி ஜோடியாகப் பிரித்தபோது ஒற்றையாக மிஞ்சியவள் ஜுலைகா. மிஞ்சியதை எங்கே வைப்பது என்று தெரியாமல் முதல் ஜோடியோடு சேர்த்தார்கள், அப்படித்தான் அபிராமி வந்தாள். சோதனைக்கு ரத்தம் எடுக்கத் தன் விரலை நீட்டி, நீயே குத்துடி, எனக்குப் பயமில்ல என்றாள். மைக் எட்டாத நாள்களில் அவள் நோட்டுத்தான் மாடி ஏறி வரும். அவளிடமிருந்து எதையாவது பிடுங்கித்தான் தனக்கு இது கிடைத்ததா. தண்ணீர் எப்போதும் யாருக்காவது கடைசியில்தான் ஏறும் என்றால், வரிசையைத் திருப்பிப் போட்டு என்ன ஆகப்போகிறது, கடைசி என்ற இடம் அப்படியேதானே இருக்கிறது, அதில் உட்காரும் ஆள்தானே மாறினாள். அபிராமியின் முழங்கால் ஆடிக்கொண்டிருந்தது. பலகையும் சேர்ந்து ஆடியது. ஜுலைகா அந்த முழங்காலில் கையை வைத்தாள். ஆட்டம் நின்றது. பிறகு அபிராமி கதவைப் பார்த்தபடியே, "தினமும் படிச்சதெல்லாம் எங்கடி போச்சு? காலைல இருந்துச்சு" என்றாள். உள்ளே போய் உட்கார்ந்து ஜாடியைப் பார்த்தால் கொஞ்சம் திரும்பி வரும், எல்லாம் வராது, வருகிற வரைக்கும் சொல் என்றாள் ஜுலைகா. அபிராமி திரும்பி அவளை முழுதாகப் பார்த்தாள், அந்தப் பார்வையில் காலையில் இருந்தது இல்லை. "ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் இருந்துச்சா உனக்கு?" என்று கேட்டாள். ஜுலைகா தலையாட்டினாள். அபிராமி முழங்காலில் இருந்த கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். அவள் கை சில்லென்றிருந்தது.

வெயில் பெஞ்சின் ஓரத்துக்கு வந்துவிட்டது. உள்ளிருந்து கடைசிக்கு முந்தின ஆள் வெளியே வந்தான், ஆனால் சவரிமுத்து அண்ணன் அபிராமி பெயரைக் கூப்பிடவில்லை. அவருக்குப் பதிலாக மங்கையர்க்கரசி மேடமே வெளியே வந்தார். காலையில் பார்த்த மேடம் இல்லை. முகம் எண்ணெய் வழிந்து, சேலைக் கொசுவம் கசங்கி, கண்ணுக்கடியில் நிழல். ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். இருவரும் எழுந்தார்கள். மேடம் ஜுலைகாவைப் பார்த்து, நீ காலையிலயே முடிச்சிட்டியே, ஊருக்குப் போகலையா என்றார். அபி இருக்கா மேம் என்றாள். மேடத்தின் பார்வை அபிராமியிடம் போனது, அங்கேயே நின்றது. இந்தப் பெண்ணை அவர் எப்போதும் தலைகுளித்த ஈரத்தோடும் புதுப் பூவோடும்தான் பார்த்திருக்கிறார், அதே ஆள்தானா என்று சந்தேகப்படுவது போலப் பார்த்தார். சாப்பிட்டியா என்றார். அபிராமி இல்லை என்று தலையசைத்தாள். மேடம் கதவுப்பக்கம் திரும்பினார், உள்ளே அந்தப் பேராசிரியர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தது தெரிந்தது. பிறகு இருவரையும் பார்த்துச் சொன்னார்: "ரெண்டு பேரும் கேன்டீனுக்குப் போய் டீ குடிச்சிட்டு வாங்க. நாங்களும் முகம் கழுவிட்டு உக்காந்திருக்கோம். மெதுவா வாங்க, நாங்க காத்திருக்கோம்."

கேன்டீனில் டீயும் கீரைவடையும். அபிராமி வடையைப் பிய்த்து முதல் வாய் வைத்ததும் இன்னொன்று கேட்டாள். ஜுலைகா காத்திருக்கோம் என்ற அந்தச் சொல்லை வாய்க்குள் போட்டுப் பார்த்தாள். இரண்டு பேராசிரியர்கள், அவ்வளவு பெரிய அறையில், காலி நாற்காலிக்கு எதிரில் உட்கார்ந்து, ஒரு மாணவி டீ குடித்து முடிக்கட்டும் என்று காத்திருக்கிறார்கள். டீயில் சர்க்கரை தூக்கலாக இருந்தது. அதுவும் நன்றாக இருந்தது. வாடிய முல்லையை அபிராமி பிய்த்தெடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டாள், குழாயில் முகம் கழுவினாள், ஜுலைகாவின் துப்பட்டா முனையிலேயே துடைத்துக்கொண்டாள், வா என்றாள்.

அவள் உள்ளே போனதும் கதவு மூடிக்கொண்டது. நடையில் யாரும் இல்லை. சவரிமுத்து அண்ணன் தூரத்தில் ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டு வந்தார். ஜுலைகா பெஞ்சில் காலை மடக்கி உட்கார்ந்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் குரல்கள், சொல் புரியவில்லை, ஓசை மட்டும், மேடத்தின் தாழ்ந்த குரல், பிறகு அபிராமியின் குரல், முதலில் மெல்லியதாக, பிறகு கொஞ்சம் நீளமாக. வருகிறது, திரும்பி வருகிறது, நல்லவேளை. ராத்திரி ஊருக்குப் போனதும் உம்மாவிடம் ஈரலைப் பற்றிச் சொல்ல வேண்டும், சொன்னால் அப்புறம் உம்மா ஜாதிக்காயைத் தொடமாட்டாள், சொல்ல வேண்டாம், வாப்பாவிடம் சொல்லலாம், வாப்பா சிரிப்பார். மின்விசிறிக் காற்று இந்த இடம் வரைக்கும் எட்டுகிறது. இதற்கு அந்தப் பக்கம் எட்டாது. அந்த அனாட்டமிக்காரரும் பாவம், காலையிலிருந்து ஒரே எலும்பு, அவருக்கும் யாராவது ஒரு டீ வாங்கிக் கொடுத்திருக்கலாம், அவரும் மூன்றாவது மாடிக்காரராக இருந்திருப்பார் ஒரு காலத்தில். ஜன்னல் சாத்துகிற சத்தம் பக்கத்தில் வந்தது, கடந்து போனது. வலது. வலதுதான். இல்லாவிட்டாலும்

யாரோ தோளைப் பிடித்து உலுக்கினார்கள். கண்ணைத் திறந்தபோது அபிராமி முன்னால் நின்றாள், பையை மாட்டிக்கொண்டு. தூங்கிட்டியாடி, இந்த பெஞ்சுல உனக்குத் தூக்கம் வேற வருதா என்றாள். ஜுலைகா வாயோரத்தைத் துடைத்துக்கொண்டு, என்ன கேட்டார்கள் என்று கேட்டாள், கேட்கவே கூடாத கேள்வியை இன்று அவளே கேட்டாள். நாலு கேள்விக்குச் சொன்னாளாம், ரெண்டு வரவில்லையாம், பரவாயில்லை என்றாள். இருவரும் படியிறங்கினார்கள். கடைசிப் படியில் அபிராமி நின்றாள்.

"எழுந்து வரும்போது மேம் ஒண்ணு கேட்டாங்க. அடுத்த வாரம் ஃபார்மகாலஜி வைவாவுக்கு எங்கேருந்து கூப்பிடச் சொல்லலாம்னு."

"நீ என்ன சொன்னே?"

"நடுவுலேர்ந்துன்னு சொன்னேன். சரின்னுட்டாங்க."

ஜுலைகாவுக்குச் சிரிப்பு வந்தது. நடுவில் யார் என்று கேட்டாள். அபிராமி விரல்விட்டு எண்ண ஆரம்பித்தாள், கே, எல், எம், மணிமேகலையா, இல்லை, லோகநாயகி, லோகநாயகி என்று ஒருத்தி இருக்கிறாள். கண்ணாடி போட்டவளா என்றாள் ஜுலைகா. அது இல்லை, இவள் கொஞ்சம் உயரம் என்றாள் அபிராமி, சொல்லிவிட்டு அவளே யோசித்தாள், உயரமா. ஒன்றரை வருஷமாக ஒரே வகுப்பு. முதல் ஆளுக்கும் தெரியவில்லை, கடைசி ஆளுக்கும் தெரியவில்லை. திங்கட்கிழமை வந்ததும் அவளைத் தேடிப் பிடித்து, நீதான் முதல்ல என்று சொல்லிவிட வேண்டும், பாவம், நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டாள் என்று பேசிக்கொண்டே இருவரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள்.